எந்த ஊரிலும் சாகாத மாடசாமி

போன மாதம் சர்வே ஆபீசில் புதுக் கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். ஒரு கம்பு, அதன் தலையில் தொப்பி மாதிரி ஒன்று. வானத்தில் சுற்றுகிற செயற்கைக் கோள்களோடு பேசி, நாம் நிற்கிற இடத்தைச் சுண்டுவிரல் அகலம் பிசகாமல் சொல்லிவிடுமாம். நல்லது. என் காலத்தில் இது வந்திருந்தால் என் வேலை போயிருக்கும். ரெண்டு கிராம முன்சீபுகளின் மானமும் கூடவே போயிருக்கும்.

கம்ப்யூட்டரில் நகர எல்லைப் படத்தைக் காட்டினார்கள். சிவகாசிப் பக்கத்து ஊர்தான், பெயர் வேண்டாம். ஊரின் தெற்கே ரெண்டு கிராமங்களுக்கு நடுவில் ஒரு வால் நீண்டு கிடந்தது.

"ஐயா, இந்த வால் எப்படி வந்துச்சு? அந்தக் காலத்துல யாரோ பெரிய மனுசன் சொல்லி இழுத்ததுன்னு பேசிக்கிறாக" என்றார் அங்கிருந்த சர்வேயர் ஒருவர்.

"பெரிய மனுசன் சொல்லி வளைச்சதெல்லாம் வடக்க இருக்கு. தெக்க இருக்கது நான் சொன்ன பொய்" என்றேன். சிரித்தார்கள். சும்மா சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சர்வே வேலையில் சேர்ந்தது ஐம்பதுகளில். பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கரிசல் காட்டு வெயிலில் இரும்புச் சங்கிலியை உதறிப் பிரிக்கவும் மடக்கவும் கற்றுக்கொண்டேன். நூறு கண்ணி ஒரு சங்கிலி, ஒரு கண்ணிக்கு ஒரு லிங்க். ஆறு மாதத்தில் தோல் கருத்தது, அரசாங்க உத்தியோகஸ்தன் என்ற திமிர் மட்டும் வெளுக்கவில்லை.

அப்போது பஞ்சாயத்துகளைப் புதுசாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் என்பது ஜனங்கள் கூடி வாழ்ந்து தானாக உருவாவது என்று புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவன் நான். நேரில் பார்த்தால் கதையே வேறு. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு வீடு டவுனுக்குள் இருக்க வேண்டும், கரண்டும் குழாய்த் தண்ணியும் வேண்டுமே. வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிற ஆபீஸ் டவுனுக்கு வெளியே இருக்க வேண்டும், டவுன் சட்டதிட்டம் ஆகாதே. எல்லைக் கோடு அவர் அடுப்படிக்கும் ஆபீஸ் சுவருக்கும் நடுவில் முழங்கை மாதிரி மடங்கிப் போனது. வடக்கே படத்தில் அப்படி அஞ்சாறு முழங்கை உண்டு. அவ்வளவும் சட்டப்படி, அவ்வளவும் கையெழுத்தோடு.

எனக்கு மேலே இருந்தவர் சர்வே இன்ஸ்பெக்டர் வேதமூர்த்தி. ஒல்லியான ஆள், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் 'நீ' என்பார். தப்பு இருந்தால் 'நீங்க' என்பார். 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தாரோ, பெட்டி படுக்கையைக் கட்டிவிட வேண்டியதுதான். எங்கள் சர்வே ஆபீஸ் வளாகத்தில் சரியாக ஒரு சங்கிலி தூரத்தில் ரெண்டு கல் பதித்திருந்தார். தினமும் காலையில் சங்கிலியை அந்தக் கல்லுக்குக் கல் இழுத்துப் பிடித்துப் பார்க்காமல் ஒருத்தனையும் வெளியே விடமாட்டார். "நேத்து சரியா இருந்துச்சே சார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நேத்து நீயும் நல்லவனாத்தான் இருந்த" என்றார்.

கல் நடுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். குழி தோண்டி, அடியில் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு, அதற்கு மேல்தான் எல்லைக் கல்லை நிறுத்த வேண்டும். எவனாவது பின்னால் கல்லைப் பிடுங்கி நகர்த்தினாலும் கரி நகராது, தோண்டினால் காட்டிக்கொடுக்கும். இது எல்லா ஊரிலும் உண்டு. இவர் கூடுதலாக ஒன்று செய்வார். ரெண்டு கிராம முன்சீபுகளும் ஒரே நேரத்தில் அந்தக் குழிக்குள் குனிந்து கரியைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் கல், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. "சேந்து குனியாதவன் நாளைக்குச் சேந்து ஒத்துக்க மாட்டான்" என்பார். இந்தக் குனிகிற விஷயத்தில்தான் நான் சீரழிந்தேன்.

டவுனுக்குத் தெற்கே ரெண்டு கிராமம். பெயரைச் சொன்னால் பேரன்மார்கள் வழக்குப் போடுகிற தெம்போடு இருக்கிறார்கள், அதனால் கிழக்கூர், மேற்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி வசூலும் பிறப்பு இறப்புப் பதிவேடும் அந்தக் காலத்தில் முன்சீப் கையில்தான். ரெண்டு ஊர் முன்சீபுகளும் நிலபுலன் உள்ள சம்சாரிகள், தூரத்துச் சொந்தக்காரர்களும்கூட. ரெண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு காளியம்மன் கோயில். திருவிழாவில் விபூதித் தட்டு முதலில் யார் முன்னால் நீளுவது என்பதில் சண்டை. பூசாரி பாவம், ரெண்டு தட்டு செய்து, ரெண்டு கையிலும் ஏந்தி, ஒரே நேரத்தில் ரெண்டு பேர் முன்னாலும் நீட்டினார். அப்போது வலது கை யார் பக்கம் என்று சண்டை வந்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. சாத்தூர் பஸ்ஸில் ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்கி நடப்பார். நடக்கிற தூரம் நாலு மைல்.

இந்த ரெண்டு மகராசன்களும் ஒரு குழிக்குள் தலையை விட வேண்டும்.

ரெண்டு ஊருக்கும் எல்லை ஓடை என்று பழைய பதிவில் இருந்தது. எந்த ஓடை? ஒரு பெருவெள்ளத்தில் ஓடை தடம் மாறி மேற்கே தள்ளிப் போயிருந்தது. பழைய தடம் கிழக்கே காய்ந்து கிடந்தது. நடுவில் இருநூறு லிங்க் அகலத்துக்கு ஒரு நீளப் பொட்டல், வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். அதற்காக அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அடித்துக்கொண்டார்கள்தான், எனக்கு வேண்டாம் என்று!

"எங்க எல்லை அந்தக் காஞ்ச ஓடைதான் சர்வேயரே. அங்கன கல்ல நட்டுட்டுப் போங்க. அதுக்கு மேக்க உள்ளது எனக்கு ஆகாது" என்றார் கிழக்கூர்க்காரர்.

"தண்ணி ஓடுறதுதான ஓடை? அதுக்குக் கிழக்க உள்ளத என் தலையில கட்டாதீக" என்றார் மேற்கூர்க்காரர்.

காரணம் இருந்தது. எப்போதோ அந்தப் பொட்டலில் ஒரு அனாதைப் பிணம் கிடந்து, போலீஸ், கோர்ட்டு என்று அலைந்த அலைச்சல் ரெண்டு பேருக்கும் மறக்கவில்லை. அதைவிட முக்கியம், மழை இல்லாத ஊர்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வந்த சனம் அங்கே குடிசை போட ஆரம்பித்திருந்தது. நாலு குடிசை. ஆண்கள் லோடு ஏற்றப் போவார்கள், பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். நாலு சாதி, நாலு ஊர். இவர்களை ஊரில் சேர்த்தால் கிணறு கொடுக்க வேண்டும், சுடுகாடு கொடுக்க வேண்டும், கோயிலில் நிற்க இடம் கொடுக்க வேண்டும். எதுக்கு வம்பு?

"சரி, ரெண்டு பேரும் ஒரு எடத்துல வந்து நின்னு பேசுங்க" என்றேன்.

கிழக்கூர் முன்சீப் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவன் குனியுற குழியில நான் குனியவா? உசுரோட என்னயப் பொதைக்கப் பாக்கீகளா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? திரும்பிப் போய், ஒத்து வரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் வெயில். வேலை முடிந்தால் ஊருக்குப் போகலாம் என்ற ஆசை. காலையில் கிழக்கூர்க்காரரைக் கூட்டிப் போய்க் காய்ந்த ஓடையில் மூன்று கல் நட்டேன். குனிந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் மேற்கூர்க்காரரைக் கூட்டிப் போய்ப் புது ஓடையில் மூன்று கல் நட்டேன். அவரும் குனிந்தார், போட்டார். கிழக்கே செதுக்கிய அதே மூன்று நம்பரை மேற்கேயும் செதுக்கினேன். படத்தில் ஒரே ஒரு ஓடை வரைந்து, ஒரே ஒரு வரிசைக் கல்லைக் காட்டினேன். ஆக, இருநூறு லிங்க் பூமியையும் நாலு குடிசையையும் ஒரு பென்சில் கோட்டுக்குள் மடித்து வைத்துவிட்டேன். இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அன்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

நடுவில் ஒரு குடிசை வாசலில் தண்ணி கேட்டேன். சீனியம்மா என்று ஒரு பெண், இருபத்தஞ்சு வயது இருக்கும். விரல் எல்லாம் பசை. சொம்பில் நீச்சத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கள எந்த ஊர்ல சேக்கீக சார்?"

"உனக்கு எந்த ஊர் வேணும்?"

"கெணறு இருக்க ஊராப் பாத்துச் சேத்து விடுங்க."

நல்ல பதில் என்று சிரித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தேன்.

வேதமூர்த்தி படத்தைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே குழியில குனிஞ்சு பாத்தாங்களா?"

"பாத்தாங்க சார்."

"பரவாயில்லையே. நீ பெரிய ஆளுதான்" என்றார். நான் நெளியக்கூட இல்லை.

சில வருஷம் போனது. சிவகாசியில் ஆர்டர் மேல் ஆர்டர். சீசனுக்கு வந்த சனம் ஊர் திரும்பவில்லை. பொட்டலில் நாலு குடிசை முப்பதுக்கு மேல் ஆனது. பஞ்சாயத்துத் தேர்தலில் ரெண்டு ஊர்ப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. கிணறு வெட்டித் தாருங்கள் என்று மனுக் கொடுத்தால் கிழக்கூர் மேற்கே கை காட்டும், மேற்கூர் கிழக்கே கை காட்டும். ரெண்டு கையும் என் படத்தைத்தான் சாட்சி சொல்லும்.

அந்தச் சமயம் பக்கத்தில் ஒரு வேலைக்கு நான் வந்திருந்தேன். தலையாரி ஓடி வந்தான். எல்லைத் தகராறு, உடனே வாங்க என்றான். போனேன்.

சீனியம்மாவின் புருசன் மாடசாமி, மூன்று நாள் காய்ச்சலில் காலையில் செத்துப் போயிருந்தான். பாடையைக் கட்டிவிட்டார்கள். எடுத்துப் போக இடமில்லை. காய்ந்த ஓடைக் கரையில் குடை பிடித்துக்கொண்டு கிழக்கூர் முன்சீப். மேற்கே புது ஓடைக் கரையில் குடை பிடித்துக்கொண்டு மேற்கூர் முன்சீப். ஆளுக்குப் பின்னால் பத்து இருபது பேர் கம்போடு.

"எங்க ஊர்ச் சுடுகாட்டுல எங்க ஊர்ப் பொணந்தான் எரியும். சர்வேயரே, நீங்க நட்ட கல்லு அந்தா இருக்கு. பாத்துச் சொல்லுங்க" என்று கிழக்கூர்க்காரர் கத்தினார். மேற்கூர்க்காரரும் தன் கல்லைக் காட்டி அதையே கத்தினார். பல வருஷத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே வார்த்தை பேசிய நாள் அதுதான். சாவைப் பதிவேட்டில் எழுதவும் ரெண்டு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். எழுதினால் ஊர்க்காரன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

நான் நடுவில் நின்று படத்தை விரித்தேன். நான் நின்ற இடம் அந்தப் படத்தில் இல்லை. வரைந்தவன் நான்தான்.

சீனியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள். "சார், நீங்கதான அன்னைக்குச் சங்கிலி பிடிச்சீக? எங்க வீட்டுல நீச்சத்தண்ணி குடிச்சீகளே. அன்னைக்குக் கெணறு கேட்டேன், அது கெடக்கட்டும். இப்பச் சுடுகாடு இருக்க ஊராப் பாத்துச் சொல்லுங்க, போதும்."

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும்மா" என்றேன்.

"பதில் வர்ற மட்டும் பொணம் தாங்குமா சார்?"

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்பதுதான் அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஓடியது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் திரும்பி, தன் சனத்திடம், "இங்கனயே வைங்க" என்றாள். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, அந்தப் பொட்டலின் தெற்கு முனையிலேயே மாடசாமியை எரித்தார்கள். ரெண்டு கரையிலும் குடைகள் மடங்கின. தகராறு தீர்ந்தது என்று முன்சீபுகள் சாப்பிடப் போனார்கள். நான் ஆபீசுக்குப் போய், 'எல்லை குறித்துத் தெளிவு தேவைப்படுகிறது' என்று ஒரு அறிக்கை எழுதினேன். தெளிவு தேவைப்பட்டது எல்லைக்கா?

அடுத்த வருஷமே பொட்டலை ஒட்டித் தார் ரோடு வந்தது. ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி குடோன் கட்ட இடம் தேடினார். அவ்வளவுதான். 'ஆதிகாலம் தொட்டு எங்கள் கிராமத்துக்குப் பாத்தியப்பட்ட பூமி' என்று கிழக்கூரிலிருந்து ஒரு மனு. வரிக்கு வரி அதே மாதிரி மேற்கூரிலிருந்தும் ஒரு மனு. ரெண்டையும் எழுதிக் கொடுத்தது ஒரே வக்கீல் குமாஸ்தா. குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று காலி செய்ய வேண்டும், அதுவும் ரெண்டு மனுவிலும் இருந்தது. முப்பது குடும்பத்துக்கு நெஞ்சில் நெருப்பு.

வருவாய்க் கோட்ட அதிகாரி ஆர்.டி.ஓ. நேரில் விசாரணைக்கு வந்தார். பொட்டலிலேயே மேஜை போட்டார்கள். முன்சீபுகள் பட்டுக்கரை வேட்டியில், பத்திரக் கட்டுகளும் பதிவேடுகளும் மூட்டையாக. குடிசைச் சனம் தள்ளி நின்றது. நான் வேதமூர்த்திக்குப் பின்னால் நின்றேன்.

ரெண்டு பேரும் தங்கள் தாத்தா காலத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வேதமூர்த்தி மெல்ல நடந்து போனார். கிழக்குக் கல் முன்னால் குத்த வைத்து, மண்ணைத் துடைத்து நம்பரைப் படித்தார். மேற்கே போனார். அங்கே கல்லில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், நம்பர் பளிச்சென்று இருந்தது. அதையும் படித்தார். தன் சின்னச் சங்கிலியைப் போட்டு அளந்தார். திரும்பி வந்தார்.

"தயவுசெய்து இங்க வாங்க."

போனேன்.

"ரெண்டு பேரும் ஒரே குழியில குனிஞ்சு பாத்தாங்களா?" அதே கேள்வி, அதே குரல்.

சீனியம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்ல சார்" என்றேன். ஆர்.டி.ஓ.விடமும் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் மூன்று கல், சாயங்காலம் மூன்று கல், அதே நம்பர்கள், நான் சொன்ன பொய். சொல்லி முடித்தபோது வேதமூர்த்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

முன்சீபுகளுக்குக் கொண்டாட்டம். "பாத்தீகளா எசமான்! சர்வே தப்பு. பூமி எங்களுது" என்றார் ஒருத்தர். "எங்களுது" என்றார் இன்னொருத்தர்.

சீனியம்மா முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "சாமி, இது இவுக ஊருன்னா எம் புருசன் இவுக ஊர்லதான செத்தாரு? செத்தவுக பேரு எழுதுற புத்தகம் இவுக கிட்ட இருக்குமாம்ல. அதுல அவரு பேரக் காட்டச் சொல்லுங்க. காட்டுனாகன்னா நாங்க இன்னைக்கே காலி பண்ணிட்டுப் போறோம்."

ஆர்.டி.ஓ. கையை நீட்டினார். கிழக்கூர் முன்சீப் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டினார். வியர்த்தது. வாய் தவறி, "அந்த ஆளு எங்க ஊரு இல்லீங்களே" என்றார்.

மேற்கூர்க்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் இல்லை என்றால் நான்தானே! தானும் எழுதவில்லை என்பதை மறந்து பதிவேட்டைத் திறந்தார். அதிலும் மாடசாமி இல்லை. மூஞ்சி செத்துப் போனது.

"ஒருத்தர் ஊர்லயும் அந்த ஆள் சாகலை. அப்ப அவர் செத்த இடம் ரெண்டு பேருக்கும் சொந்தமில்லை. எழுதிக்கோங்க" என்றார் ஆர்.டி.ஓ. தன் குமாஸ்தாவிடம்.

பொட்டலுக்குத் தனி சர்வே நம்பர் விழுந்தது. குடியிருக்கிற நத்தம் என்று வகைப்படுத்தி, வடக்கே தொட்டுக்கொண்டிருந்த டவுன் பஞ்சாயத்தோடு சேர்த்தார்கள். குடோன் வேறு இடத்துக்குப் போனது. அந்த வாலின் கதை இதுதான். கல்லை இந்த முறை வேதமூர்த்தியே நின்று நட்டார். ரெண்டு முன்சீபுகளும் ஒரே குழிக்குள் குனிந்தார்கள். குனிந்தபோது தலை முட்டிக்கொண்டது, அதற்கும் யார் முட்டியது என்று சண்டை. எனக்கு மெமோ, தண்டனை, ராமநாதபுரம் கடற்கரைக்கு மாற்றல். வேதமூர்த்தி ஓய்வு பெறுகிற வரை எங்கே பார்த்தாலும் என்னை 'நீங்க' என்றேதான் கூப்பிட்டார்.

மாற்றலுக்கு முன்னால் டவுன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. சீனியம்மாவின் வீட்டு மனைப் பட்டா மாடசாமி பெயரில் வந்திருந்தது. அவன் செத்ததற்குத்தான் எங்கும் பதிவில்லையே, அரசாங்கத்துக்கு அவன் உயிரோடுதான் இருந்தான். காலம் கடந்த பதிவுக்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும். அரசு உத்தியோகஸ்தனாக இருந்தால் நல்லது என்று குமாஸ்தா சொன்னாராம். அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

போனேன். அவள் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். இன்ன இடத்தில், இந்த நாளில், என் கண் முன்னால் பிணம் கிடந்தது, ரெண்டு ஊரும் ஏற்க மறுத்தது, அங்கேயே எரித்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் விரலை நீட்டவில்லை. எனக்கு முன்னாலேயே, கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல், குமாஸ்தாவைக் கேட்டாள்:

"இவரு உள்ளதத்தான் எழுதியிருக்காராண்ணே? ஒருக்க வாசிச்சுக் காட்டுங்க."

குமாஸ்தா முழுசும் வாசித்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் அவள் கைநாட்டு வைத்தாள்.